படித்தேன், அழியட்டும்

அவசரம் என்று சொல்லிக்கொண்டு ஆபாவின் மேசைக்கு வந்தவர்கள் எல்லாருக்குமே அன்றைக்கு ரயில் தவறியிருக்கிறது. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி. நகர்ப் பக்கம் இறங்கினால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடிப்படிக்குக் கீழே அவர் மேசை. மனு எழுதுவது தொழில். முதியோர் உதவித்தொகை, பட்டாவில் பெயர் மாற்றம், தெருவில் தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சுவரை ஒரு சாண் நகர்த்திக் கட்டிவிட்டார் என்று எது வந்தாலும் எழுதுவார். எழுதி முடித்ததும் முதல் எழுத்திலிருந்து ‘இப்படிக்கு’ வரை சத்தமாகப் படித்துக் காட்டுவார். அதற்கு முன்னால் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடப் பேனாவைத் தர மாட்டார்.

ஒரு தடவை நான் பக்கத்தில் நின்றிருந்தபோது ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் பொறுமை இழந்தார்.

“எனக்கே படிக்கத் தெரியும்மா. குடுங்க, போட்டுட்டுப் போறேன், ட்ரெயின் வந்துடும்.”

“தெரியும் சார். ஆனா நீங்க படிக்கல, பாத்தீங்க.”

ஆபா படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியிலேயே அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார். தகப்பனார் பெயருக்குப் பதிலாகத் தன் மகன் பெயரைச் சொல்லி எழுத வைத்திருந்தார். ஆபா திருத்திவிட்டு மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினார். ரயில் போய்விட்டது.

ஆபா என்றால் உருதுவில் அக்கா. வீட்டில் உருது பேசுவார், மேசையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். என்னைவிட இரண்டு வயது சின்னவர். இருந்தாலும் ஊரே கூப்பிடுகிறதே என்று நானும் ஆபா என்றே கூப்பிட்டேன். அவர் என்னை மேடம் என்பார். அந்த மேடத்தில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

என் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குற்றவாளி நான்தான். வாரநாட்களில் பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தன்னார்வக் குழு. பழைய கணினியிலும் ஓடக்கூடிய, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய இயங்குதளம் ஒன்றைத் தமிழில் தயார் செய்துகொண்டிருந்தோம். அதைக் கணினியில் ஏற்றும்போது ஒன்றன்பின் ஒன்றாகச் சில திரைகள் வரும் அல்லவா, மொழி எது, ஊர் எது, எங்கே ஏற்றலாம் என்று? அந்தத் திரைகள் என் பொறுப்பு. கணினியே தெரியாதவர்கூட நாலே அழுத்தில் முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் கொள்கை. முதலில் பதினொன்று இருந்ததை நாலாகக் குறைத்தவள் நான். அதில் எனக்கு இருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்பா இறந்தபின் மின் இணைப்பில் பெயர் மாற்ற ஒரு மனு வேண்டியிருந்தது. அதற்குத்தான் ஆபாவிடம் முதலில் போனேன். போன அன்று அவர் தன் கணினியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மனுக்களெல்லாம் இணையத்துக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். அவருடைய பழைய இயங்குதளத்தில் அரசாங்க இணையதளம் திறக்க மறுத்தது. பழுது பார்க்கிறவர் வந்து பார்த்துவிட்டு, இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“நல்லா ஓடிக்கினு கீது மேடம். ஓடுற ஆட்டோவ எவனாச்சும் கடல்ல தள்ளுவானா? இவன் தள்ளச் சொல்றான்.”

எனக்கு அந்த வாய் பிடித்துப்போனது. எங்கள் இயங்குதளத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “உள்ள கீற மனுவுக்கு ஒண்ணும் ஆவாதே?”

அதுதான் அவருடைய உயிர். தட்டச்சு செய்த ஒவ்வொரு மனுவின் நகலும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஆறு மாதம் கழித்து, இரண்டு வருடம் கழித்து ஆட்கள் நகல் கேட்டு வருவார்கள். ‘உங்க மனுவே இங்க வரலியே’ என்று ஏதோ ஒரு சன்னலுக்குப் பின்னாலிருந்து யாரோ கைவிரிக்கும்போது, ஏழைக்கு ஊன்றிக்கொள்ளக் கிடைக்கும் கம்பு அந்த நகல் ஒன்றுதான். ஒன்றும் ஆகாது என்றேன். இவ்வளவு சுலபமாக ஒரு பொய்யை நான் அதற்கு முன்பு சொன்னதில்லை. பொய் என்று எனக்கே தெரியாததால் வந்த சுலபம்.

மயிலாப்பூரில் ஒரு சபாவின் சின்ன அறையை வாங்கி, வருகிறவர்களுக்கெல்லாம் இயங்குதளம் ஏற்றிக் கொடுக்கும் நாள் ஒன்று வைத்திருந்தோம். ஆபா ஆட்டோவில் வந்து இறங்கினார். கணினிப் பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். உட்கார்ந்ததும் என் திரைகளைப் படிக்க ஆரம்பித்தார், சத்தமாகத்தான். அறையே திரும்பிப் பார்த்தது.

“‘மொழியைத் தேர்ந்தெடுக்கவும்.’ சரி. ‘தொடர்க.’ தொடர்ந்தா எது வரைக்கும் மேடம்?”

மூன்றாவது திரையில் நின்றுவிட்டார். அதில், கணினியின் சேமிப்பு வட்டில் எங்கே ஏற்றுவது என்று இரண்டு தேர்வுகள். ‘வட்டு முழுவதையும் பயன்படுத்து (பரிந்துரைக்கப்படுகிறது)’ என்பது முதலாவது, எடுத்த எடுப்பிலேயே அதில் புள்ளி வைத்திருக்கும். ‘இருப்பதற்குப் பக்கத்தில் ஏற்று’ என்பது இரண்டாவது.

“யாரு பரிந்துரைக்கிறாங்க?”

“நாங்கதான் ஆபா.”

“என் மெஷின பாக்காமயே?”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் பழையது அப்படியே இருக்கும் என்றேன். அவர் பையிலிருந்து புது பென் டிரைவ் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மனுக்களை இதில் ஏற்றிய பிறகுதான் மற்றது. தேவையே இல்லை, நேரம்தான் வீண் என்றேன். வாக்குவாதம் நடக்கும்போதே தொழுகைக்கு நேரமாகிவிட்டது. எழுந்து பின்பக்க வராந்தாவுக்குப் போனார். போகும்போது திரும்பி, “வந்துர்றேன். தொடாதே,” என்றார்.

தொட்டேன்.

ஏன் தொட்டேன் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். வரிசை நீளமாக இருந்தது. அவர் வருவதற்குள் முடித்துவைத்தால், பார்த்தீர்களா ஒன்றும் ஆகவில்லை என்று காட்டலாம் என்ற வீம்பும் இருந்தது. இரண்டாவது தேர்வில் புள்ளி வைத்துவிட்டு அழுத்த வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் காலையிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் அனுப்பியிருந்த காலிக் கணினிகள் பதினான்கில் வரிசையாக ஏற்றிய கை அது. மனசு இரண்டாவது என்று நினைத்துக்கொண்டிருந்தது, கை பதினைந்தாவது தடவையாகத் தொடர்க, தொடர்க என்று போய்விட்டது. ‘உங்கள் கணினி தயாராகிறது’ என்று ஒரு பச்சைக் கோடு குதூகலமாக ஓடியது. அந்த வாசகமும் நான் எழுதியதுதான்.

ஆபா திரும்பி வந்து திரையைப் பார்த்தார். சொன்னேன். உள்ளே இருந்த மனுக்களெல்லாம் போய்விட்டன. கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை.

“இத நீ படிச்சியா?”

“நான்தான் ஆபா எழுதினேன்.”

“எழுதின. படிச்சியா?”

அந்தத் திரையில் முதலில் ‘இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும்’ என்றுதான் எழுதியிருந்தேன். அழியும் என்ற சொல்லைப் பார்த்தால் புதியவர்கள் பயப்படுவார்கள் என்று குழுவில் பேச்சு வந்தது. அழியும் என்பதை எடுத்துவிட்டுப் ‘பயன்படுத்து’ என்று போட்டவள் நான். எல்லாரும் கைதட்டினார்கள். எளிமை என்ற பெயரில் ஒரு கத்திக்கு வெல்வெட் உறை தைத்துப் போட்டிருந்தேன், அதில் அறுபட்டது ஆபாவின் வாழ்க்கை.

அழிந்த கோப்புகளைத் தோண்டி எடுக்கும் மென்பொருள்கள் உண்டு. ஒரு வாரம் விடுப்புப் போட்டுத் தோண்டினேன். ஏறக்குறைய பாதி கிடைத்தது. பெயர், தேதி எதுவுமில்லாமல், தலையில்லாத முண்டங்களாக. அவற்றைக் கொண்டுபோய் ஆபாவிடம் காட்டினேன். எல்லா மனுவும் ‘ஐயா, மேற்படி முகவரியில் வசித்து வரும்’ என்று ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். மூன்றாவது வரியில் பிடித்துவிடுவார்.

“இது கோதண்டராமர் கோயில் தெரு பூக்காரம்மாவுது. இது மெக்கானிக்கோட மச்சான். இத எழுதறப்ப அழுதுகினே இருந்தான், ரெண்டு தபா திருத்தினேன்.”

படித்துக் காட்டிய எதையும் அவர் மறக்கவில்லை. நான் எழுதியதையே எனக்கு நினைவில்லை.

மீதிப் பாதிக்கு என்ன செய்வது? ஆபா தீர்ப்புச் சொன்னார். “சனிக்கெழம சனிக்கெழம வந்து இங்க உக்காரு. கேட்டு வர்றவங்களுக்கு நீயே சொல்லு. நான் சொன்னா கம்ப்யூட்டர் மேல பழி போடுவாங்க. கம்ப்யூட்டர் இன்னா பண்ணுச்சு, பாவம்.”

உட்கார்ந்தேன். நாலு மாதம், ஒரு சனிக்கிழமை தவறாமல், அந்த மாடிப்படிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். நகல் கேட்டு யாராவது வந்தால் ஆபா பேனாவால் என்னைக் காட்டுவார். நான் எழுந்து நின்று, “நான்தான் அழிச்சேன், மன்னிச்சுக்குங்க,” என்பேன். முதல் வாரம் அவமானமாக இருந்தது. பிறகு அதைவிட மோசமான ஒன்று வந்தது, அவர்கள் முகங்கள் நினைவில் தங்க ஆரம்பித்தன. மீன் விற்கும் ஒரு பெண், கணவர் விபத்தில் இறந்ததற்கு நிவாரணம் கேட்டு மனுக் கொடுத்திருந்தவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீதான் அழிச்சியா? இன்னாத்துக்கு?”

“அவசரத்துல…”

“உனுக்கு இன்னா அவசரம்? மனு என்து.”

ஆபா அந்த மனுவை மறுபடி சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். படித்துக் காட்டியபோது அந்தப் பெண் விபத்து நடந்த நேரத்தைத் திருத்தினார். பழைய மனுவில் அது தப்பாகவே இருந்ததாம்.

அப்படி ஒரு சனிக்கிழமையில்தான் நான் கேட்டேன், அந்தத் திரையை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று. மறுபடியும் ‘அழியும்’ என்று போட்டால் ஆட்கள் பயப்படுவார்களே என்றும் சொன்னேன்.

“பயப்பட வேண்டிய எடத்துல பயப்பட வுடு மேடம். நீ யாரு அத மறைக்க?”

அவருடைய அப்பா பத்திரம் எழுதியவர். ஒரு கிரயப் பத்திரத்தில் என்னதான் எழுதியிருந்தாலும், கடைசியில் தபசில் என்று ஒரு பகுதி வரும். கைமாறுகிற சொத்து எது, அதற்கு வடக்கே என்ன, தெற்கே என்ன, கிழக்கு மேற்கு யார் என்று நாலெல்லை சொல்லியாக வேண்டும். “ஒரு குட்டிச் செவுத்த விக்கவே நாலெல்ல சொல்றோம். நீ என் மொத்த வூட்டையும் எட்த்துக்கினு ‘தொடர்க’ன்னுட்ட.”

அவர் சொன்னார், நான் தட்டினேன். ‘இந்தக் கணினியில் இப்போது இருப்பவை’ என்று ஆரம்பிக்கும் அந்தத் திரை. பழைய இயங்குதளம் எது, ஆவணங்கள் எத்தனை, படங்கள் எத்தனை, கடைசியாகத் திறந்த கோப்பு எது என்று கணினியே பார்த்து எழுதும். ‘நீங்கள் தேர்ந்தெடுத்தபடி நடந்தால் இவை அழியும். திரும்ப வரமாட்டா. நகல் எடுத்தாயிற்றா?’ கீழே ‘தொடர்க’ கிடையாது. ‘படித்தேன், அழியட்டும்’ என்று ஒரு பொத்தான், ‘வேண்டாம், திரும்பிப் போகிறேன்’ என்று இன்னொன்று. எந்தத் திரையிலும் முன்கூட்டியே புள்ளி வைத்திருக்காது, தேர்வதற்கும் தனியாக ஓர் அழுத்து வேண்டும்.

குழுவில் எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது. எங்கள் ஒருங்கிணைப்பாளர் மயிலாப்பூர்க்காரர், நல்ல மனிதர், எங்கள் எல்லாரையும்விட அதிகம் உழைத்தவர். நாலு அழுத்து ஏழாகிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அடையாற்றில் ஒரு பள்ளியின் கணினி அறையில் கூட்டம். ஆபா பேருந்து பிடித்து வந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

“இதோ பாருங்கோ,” என்றார் ஒருங்கிணைப்பாளர். “புதுசா வர்றவா இதைப் பாத்தா பயந்துண்டு பாதியிலேயே எழுந்து போயிடுவா. எங்காத்துல அம்மாவே நாலு கிளிக்ல போட்டுண்டா, தெரியுமோ?”

“அம்மா மெஷின்ல உள்ள இன்னா இருந்துச்சு மாமா?”

“அது… புது மெஷின். காலியாத்தான் இருந்தது.”

“காலி மனைய யாரு வேணா இடிக்கலாம்.”

சிரிப்பு அடங்கியதும் ஒருங்கிணைப்பாளர் கேட்டார், “இவ்வளவு எழுதினா யாரும்மா படிப்பா?”

“படிக்காதவங்களுக்கு நான் படிச்சுக் காட்றேன். நீங்க எழுதவே இல்லன்னா நான் இன்னாத்த படிக்கிறது?”

வாக்கெடுப்பு நடந்தது. என்னையும் ஆபாவையும் தவிர எல்லாரும் பழைய திரைக்கே கை தூக்கினார்கள். முடிந்தது என்று நான் பையை எடுத்தேன். ஆபா எடுக்கவில்லை. எங்கள் குழுவின் விதிகள் ஒரு தாளில் அச்சாகிச் சுவரில் ஒட்டியிருந்தன. எழுந்துபோய் அதன் முன்னால் நின்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். அஞ்சாவது விதியில் நின்றார். “‘வெளியீடு குறித்த முடிவுகள், கூட்டத்தில் கலந்துகொண்டு கையெழுத்திட்ட அனைவரும் ஒப்பும்போது மட்டுமே செல்லும்.’ நானும் கையெழுத்து போட்டுக்கீறேன். நான் ஒப்பல.”

அந்த விதியை எழுதியவர் ஒருங்கிணைப்பாளர்தான். அவரும் அதைப் படித்ததில்லை.

அடுத்த ஞாயிறும் ஆபா வந்தார், கையெழுத்துப் போட்டார், ஒப்பல என்றார், போனார். புது வெளியீடு அப்படியே நின்றது. முணுமுணுத்தார்கள். யாரோ ஒருத்திக்காக இத்தனை பேர் உழைப்பு வீணா என்று என் காதுபடவே சொன்னார்கள். ஒருத்திக்குக்கூட நேர்மையாக இருக்க முடியாத உழைப்பு வீணாகப் போகட்டுமே என்று நானும் அவர்கள் காதுபடவே சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு ஒருங்கிணைப்பாளர் ஒரு முடிவோடு வந்தார். இந்தத் திரை எவ்வளவு இழுக்கிறது என்று எல்லார் கண்ணுக்கும் காட்டிவிட்டால் ஆபாவே விட்டுக்கொடுத்துவிடுவார் என்று நினைத்தார். தன் மடிக்கணினியிலேயே அதை ஓடவிட்டு, பெரிய திரையில் போட்டு, வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஆவணங்கள் இவ்வளவு. படங்கள் இவ்வளவு. “‘கடைசியாகத் திறந்த கோப்பு: அம்மா பாடிய தோடி, நேற்று.’”

குரல் அங்கேயே நின்றது. சுட்டியின் மேலிருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“காப்பி எட்த்து வச்சிருக்கீங்களா மாமா?” என்று கேட்டார் ஆபா. குரலில் வெற்றியெல்லாம் இல்லை. மேசைக்கு வருகிறவர்களிடம் கேட்பது போலவே கேட்டார்.

“இல்லைம்மா.”

மடிக்கணினியை மெதுவாக மூடினார். “இது இருக்கட்டும். போட்டுடலாம்,” என்றார்.

வெளியிடுவதற்கு முன், பங்களித்தவர்கள் பட்டியலில் ஆபாவின் பெயரைச் சேர்க்கலாம் என்று ஒருங்கிணைப்பாளரே சொன்னார். நான் மேசைக்கு ஓடினேன். ஆபா கையைக் கட்டிக்கொண்டார்.

“பத்திரத்துல எழுதினவங்க பேரு கீழ இருக்கும் மேடம். தப்பு வந்தா வந்து கேக்கறதுக்கு. படிச்சுக் காட்டினவங்க பேர எவனும் போட மாட்டான். நான் படிச்சேன், அவ்ளோதான். எழுதினது நீ. உன் பேரு போடு, போன் நம்பரோட போடு.”

போட்டேன். அந்தத் திரையின் அடியில் மட்டும் ‘இதை எழுதியவர்’ என்று என் பெயரும் எண்ணும் இருக்கும். வேறெந்தத் திரையிலும் இல்லை. ஆபாவின் பெயர் எங்கும் இல்லை, இங்கேயும் நான் எழுதவில்லை.

மாடிப்படி இருந்த அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ஆபா மேசையை எங்கே கொண்டுபோனார் என்று அந்தப் பக்கம் மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று இடம் சொன்னார்கள். மூன்றிலும் போய்ப் பார்த்தாயிற்று. ஆனால் தொலைபேசி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. போன வாரம் ஆதம்பாக்கத்திலிருந்து ஒருவர், பழைய கணினியில் எங்கள் இயங்குதளத்தை ஏற்ற உட்கார்ந்தவர், நேரே விஷயத்துக்கு வந்தார்.

“மேடம், அழியட்டும்னு ஒரு பட்டன் வருது. கீழ உங்க நம்பர் இருந்துச்சு. அழுத்தலாமா, வேணாமா?”

“மேல எழுதியிருக்கறத படிச்சீங்களா?”

“எனக்குப் படிக்கத் தெரியும் மேடம்.”

“தெரியும் சார். ஆனா நீங்க படிக்கல, பாத்தீங்க. சத்தமா படிங்க.”

அலுத்துக்கொண்டே படித்தார். இரண்டாவது வரியில் நின்றார்.

“மேடம்… ஒரு நிமிஷம். இதுல என் பொண்ணு போட்டோ எல்லாம் கீது.”

“பென் டிரைவ்ல எடுத்து வச்சுக்கிட்டு வாங்க. அப்புறம் மறுபடி மொதல்லேர்ந்து படிங்க.”

“ஆபீஸ் வண்டி வாசல்ல வந்து நிக்குது மேடம்.”

“நிக்கட்டும்,” என்றேன்.